மீண்டும் முதல் வகுப்பில்



நம் பிள்ளைகள் பலர் இன்று மென்பொருள் கற்கிறார்கள். பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். சில மாதங்கள் போராடிவிட்டு, "இது நமக்கு வராதோ?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு அறிவுரை சொல்வதைவிட ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். அது ஓர் அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணின் வரலாறு. 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அம்மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். அவர்களுடைய போராட்டத்திலிருந்து கற்பது நமக்குப் புதிதல்ல.

டோரதி வான் 1910இல் பிறந்தவர். 1929இல் கணிதத்தில் பட்டம் பெற்றார். வர்ஜீனியா மாநிலத்தின் ஃபார்ம்வில் ஊரில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தார். 1941இல் தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப், வாஷிங்டனை நோக்கிப் பேரணி நடத்துவோம் என்று அரசை எச்சரித்தார். அதன் பிறகே பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாடு கூடாது என்று அதிபர் ரூஸ்வெல்ட் ஆணையிட்டார். கதவு தானாகத் திறக்கவில்லை, போராட்டம் திறந்தது.

அந்தக் கதவு வழியாக 1943 டிசம்பரில், 33 வயதில், டோரதி லாங்லி விமான ஆய்வகத்தில் சேர்ந்தார். அன்று 'கம்ப்யூட்டர்' என்பது மனிதர்கள் பார்த்த வேலையின் பெயர். காற்றுச் சுரங்கச் சோதனைகளில் கிடைக்கும் எண்களை மேசைக் கணக்குப் பொறியில் போட்டு விடை காண வேண்டும். கறுப்பினப் பெண்கள் 'மேற்குப் பகுதி' என்ற தனிப் பிரிவில் வைக்கப்பட்டார்கள். உணவகத்தில்கூட அவர்களுக்குத் தனி மேசை, அதன்மேல் ஓர் அறிவிப்புப் பலகை. மிரியம் மான் என்பவர் அந்தப் பலகையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்வார். மறுபடி வைத்தால் மறுபடி எடுப்பார். இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு அந்தப் பலகையின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1949இல் டோரதி அப்பிரிவின் தலைவரானார். 1958இல் ஆய்வகம் நாசாவின் கீழ் வந்தது. தனிப் பிரிவு கலைக்கப்பட்டது. நல்ல செய்திதான், ஆனால் அதோடு அவருடைய தலைமைப் பதவியும் போனது. கையால் போட்ட கணக்குகளை மின்னணு இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. ஐம்பதை நெருங்கும் வயதில், பதினைந்து ஆண்டுத் தேர்ச்சியோடு, அவர் மீண்டும் முதல் வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது.

அப்போது புதிதாக வந்திருந்த நிரல் மொழி ஃபோர்ட்ரான். ஐபிஎம் நிறுவனம் 1957இல் வெளியிட்டது. நிரலின் ஒவ்வொரு வரியையும் 80 கட்டங்கள் கொண்ட அட்டையில் துளையிட வேண்டும். கட்டளை ஏழாவது கட்டத்துக்கு முன் தொடங்கக் கூடாது, எழுபத்திரண்டைத் தாண்டக் கூடாது. அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுத் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினால் திருத்தித் திரும்பவும் கொடுக்க வேண்டும். கணிதம் அறிந்தவருக்கும் இது எழுத்துக் கூட்டிப் படிப்பது போலத்தான். டோரதி கற்றார். தன்னோடு பணியாற்றிய பெண்களுக்கும் கற்பித்தார். ஃபோர்ட்ரானில் வல்லுநர் என்று பெயர் பெற்றார். செயற்கைக்கோள்களை ஏவிய ஸ்கௌட் ராக்கெட் திட்டத்திலும் அவர் உழைப்பு இருக்கிறது.

இதை 'முயன்றால் எல்லாம் கிடைக்கும்' என்ற கதையாக்கிவிடக் கூடாது. இன்னொரு தலைமைப் பதவிக்கு அவர் முயன்றார், அது கிடைக்கவேயில்லை. 1971இல் ஓய்வு பெற்றார், 2008இல் மறைந்தார். நிலவின் பள்ளம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது 2019இல். விடாமுயற்சி அவருக்குத் தேர்ச்சியைத் தந்தது, நீதியைத் தரவில்லை. நீதிக்கு ராண்டால்ஃபின் வழி வேண்டும், மிரியம் மானின் கைப்பை வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால், வேலை கிடைக்காத நம் பிள்ளை தன் அறிவையே சந்தேகிக்கத் தொடங்கும்.

திரையில் பிழைச் செய்தி வருவது எல்லோருக்கும் நடப்பது. தலைமுறையாகப் படித்த வீட்டுப் பையனுக்கும் அதே பிழை வரும். அவனுக்குக் கேட்க ஒரு மாமா இருப்பார், அண்ணன் இருப்பார். நம் பிள்ளைக்கு இருப்பதில்லை. அந்த இடைவெளியைத்தான் 'வராது' என்று அது தப்பாகப் புரிந்துகொள்கிறது.

டோரதி செய்ததை நாமும் செய்யலாம். நேற்று ஒரு பாடம் புரிந்தவர் இன்று அதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். நம் ஊர்ப் படிப்பகங்களில் ஒரு பழைய கணினியும் வாரத்துக்கு ஒரு மாலையும் இருந்தால் போதும். பாபாசாகேப் 'கற்பி' என்று சொன்னது ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, கற்கத் தொடங்கியவர்களுக்கும்தான்.

ஜெய்பீம்.