திரையேறிய தெருக்கலை

தெருவில் பிறந்த கலையொன்று திரைக்கு வந்த வரலாற்றை இன்று காண்போம்.

1973-இல் நியூயார்க் நகரத்துப் பிராங்ஸ் வட்டாரத்தில் ஹிப் ஹாப் பிறந்தது. கறுப்பின, போர்ட்டோ ரிக்க ஏழை இளைஞர்களின் கலை அது. 1983-இல் சார்லி அகர்ன் எடுத்த ‘வைல்ட் ஸ்டைல்’ படம் வெளிவந்தது. அதற்கு நடிகர்களைத் தேடி அலையவில்லை. ரயில் பெட்டிகளில் ஓவியந்தீட்டிய லீ கின்யோனஸே ஓவியராக வந்தார். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் ஒரு சமையலறையில் நின்றபடி இசைத்தட்டுகளைச் சுழற்றுவார், பாருங்கள், அதுவே தனி அழகு! 1989-க்குள் நிர்வாகம் அந்த ரயில் ஓவியங்களையெல்லாம் துடைத்து முடித்தது. அவை ஓடும் காட்சியை இனிப் படச்சுருளில்தான் காணலாம்.

தமிழ்த்திரையில் 1994-இல் ‘காதலன்’ வந்தது. அதன் ‘பேட்டை ராப்’ பாட்டுக்கு ரஹ்மான் இசையமைக்க, பிரபுதேவாவும் வடிவேலுவும் ஆடினர். சென்னைப் பேச்சு தாளமாயிற்று. பேட்டைப் பிள்ளைகளே வந்து பாடவில்லையே என்பது நம் குறை.

நம் மலேசியக் கலைஞர் யோகி பி, நட்சத்ரா குழுவோடு 2006-இல் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பை வெளியிட்டார். மறு ஆண்டு ‘பொல்லாதவன்’ படத்தில், 1979-இல் வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ படப் பாட்டொன்று புதுவடிவம் பெற்றபோது, எஸ்.பி.பி. குரலோடு அவர் குரலும் ஒலித்தது. கோத்தா திங்கித் தோட்டத்துப் பிள்ளைகள் அதைச் சொல் பிசகாமல் ஒப்பித்தார்கள். வாய்ப்பாடு மட்டும் ஏனோ வரவில்லை!