சிக்கராயபுரம்: கல் போய் தண்ணீர் வந்தது

பூந்தமல்லிக்குப் பக்கத்தில், மாங்காட்டை அடுத்து இருக்கிறது சிக்கராயபுரம். சென்னைக்கு ஜல்லி வேண்டும் என்று இங்கே வெடி வைத்துக் கல் எடுத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பள்ளங்கள். வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டார்கள், மழைநீர் நிரம்பியது.

வெட்டும்போதே கவனிக்க வேண்டிய விஷயம் இது. 1961-ம் ஆண்டு உலோகச் சுரங்க விதிகளின்படி, கெட்டிப் பாறையாக இருந்தாலும் பள்ளத்தின் சுவரைப் படியாகவோ சரிவாகவோ வெட்ட வேண்டும், அல்லது வேறு விதத்தில் பாதுகாக்க வேண்டும். பாறைதானே, எங்கே சரியப் போகிறது என்று நினைக்கலாம். ஆனால் பாறையிலும் விரிசல்கள் உண்டு. மழைநீர் அதற்குள் இறங்கி அழுத்தினால், வெடியில் ஏற்கெனவே தளர்ந்த துண்டு நழுவி விழும். படி இருந்தால் விழுகிற கல் அதில் தங்கும். தண்ணீரில் தவறி விழுந்தவனுக்கும் ஏறி வர ஒரு பிடி கிடைக்கும். செங்குத்துச் சுவரில் அதற்கு வழியே இல்லை. குளிக்கப் போன மாணவர்கள் இந்தக் குவாரிகளில் மூழ்கி இறந்திருக்கிறார்கள்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 கோடையில் குடிநீர் வாரியம் இந்தத் தண்ணீரைச் சோதித்து, செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனது. நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர்! 2019 தண்ணீர்ப் பஞ்சத்திலும் இதே குவாரிகள்தான் கைகொடுத்தன.

மண் போட்டு மூடியிருந்தால் அந்தத் தண்ணீர் கிடைத்திருக்காது, உண்மைதான். ஆனால் சுவரைப் படியாக வெட்டுவதற்குப் பள்ளத்தை மூட வேண்டியதில்லையே.