புதையல் வேட்டையும் வரலாற்றுச் சான்றும்: ஓக் தீவு பற்றிய ஒரு நோக்கு

கனடாவின் கிழக்குக் கரையிலே, நோவா ஸ்கோசியா மாகாணத்தின் மஹோன் விரிகுடாவில், ஏறத்தாழ 140 ஏக்கர் பரப்புடைய ஓக் தீவு என்றொரு சிறு தீவு உண்டு. 2014 ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி அலைவரிசையொன்று 'ஓக் தீவின் சாபம்' என்னும் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியபின் இத்தீவு உலகெங்கும் அறியப்படுவதாயிற்று. மிச்சிகன் மாநிலத்தவரான லகீனா சகோதரர் இருவர் பெரும் பொருட்செலவில் அத்தீவை அகழ்ந்து புதையல் தேடுவதே தொடரின் பொருள். பத்துக்கு மேற்பட்ட பருவங்கள் கழிந்தும் புதையல் வெளிப்படவில்லை. பொழுதுபோக்குத்தானே என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆயின், இதனை ஒளிபரப்பும் அலைவரிசை வரலாறு என்பதையே தன் பெயராகக் கொண்டது. பார்ப்போர் தாம் வரலாறு கற்பதாகக் கருதுதல் இயல்பே. ஆதலின் வரலாற்று மாணவர் இதனை ஒருமுறை நின்று நோக்குதல் தகும்.

வழங்கிவரும் கதை இதுவாகும். 1795 ஆம் ஆண்டளவில் டானியல் மக்கினிஸ் என்னும் இளைஞன் ஓர் ஓக் மரத்தின் கீழே நிலம் வட்டமாகத் தாழ்ந்திருக்கக் கண்டான். தோழர் இருவருடன் தோண்டியபோது பத்து அடிக்கு ஒருமுறை மரக்குற்றிகள் தளமாகப் பரப்பப்பட்டிருந்தன. முப்பது அடியுடன் அவர்கள் கைவிட்டனர். சில ஆண்டுகளின் பின்னர் வந்த குழுவொன்று ஏறக்குறைய 90 அடி ஆழத்திலே குறியீடுகள் பொறித்த கல்லொன்றைக் கண்டது. மறுநாள் குழியை நீர் நிரப்பியது. புதைத்தவர் கடலிலிருந்து இரகசிய நீர்வழி அமைத்திருந்தனர் என்பது அன்று தொட்டு வரும் நம்பிக்கை. புதைத்தவர் யாவர் என்பதற்கோ விடைகள் பல. 1701 இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட கப்டன் கிட் முதல் நடுக்காலத்துத் தேவாலய வீரர் வரை எல்லோரும் இக்குழியோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளனர்.

இக்கதைக்கு மூலாதாரம் யாது? 1795 இல் எழுதப்பட்ட குறிப்பு ஒன்றும் இல்லை. புதையல் தேடுவோர் பற்றி அச்சில் வந்த முதற் செய்தி 1857 இல் உள்ளூர்ப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. விரிவான வரலாறு 1860களிலேயே உருப்பெற்றது. நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி கிடக்கின்றது. அக்காலத்திலே அத்தீவில் அகழ்வுக் கம்பனிகள் பங்குகளை விற்றுப் பணந்திரட்டி வந்தன என்பதை மறத்தலாகாது. கதையை நம்பச் செய்தல் அவற்றின் தொழிலுக்கு வேண்டியதாயிருந்தது. பொறிகல்லின் கதையும் இத்தகையதே. கல் இன்று இல்லை. அதன் குறியீடுகள் என்று காட்டப்படும் வரைபடம் 1951 இல் வெளியான ஒரு நூலிலேயே முதன்முதல் அச்சேறியது.

வந்தவர்கள் சாதாரணரல்லர். பின்னாளில் அமெரிக்கச் சனாதிபதியாகிய பிராங்ளின் றூஸ்வெல்ற் 1909 இல் ஒரு குழுவிற் சேர்ந்திருந்தார். 1965 இல் டன்பீல்ட் என்னும் புவிச்சரிதவியலாளர் கரையிலிருந்து தீவுக்குத் தாம்போதி அமைத்து, 70 தொன் பாரந்தூக்கியைக் கொண்டுவந்து, 134 அடி ஆழமும் 100 அடி அகலமுமான பள்ளத்தைத் தோண்டினார். மூலக்குழி இருந்த இடமே அதனால் ஐயத்துக்கிடமாயிற்று. தேடுவோர் தம் சான்றைத் தாமே அழித்த வரலாறு இதுவென்று கூறுதல் மிகையன்று. இன்று அங்கு ஆழத்திற் கிடைக்கும் பழைய மரத்துண்டு புதைத்தவருடையதா, முன்னர் தோண்டியவருடையதா என்று துணிதல் எளிதன்று.

உயிரிழப்பும் உண்டு. 1861 இல் ஒருவரும் 1897 இல் ஒருவரும் 1965 இல் நால்வரும் மாண்டனர். அந்நால்வருள் தந்தையும் மகனும் இருவர்; குழியிலே நச்சுவாயுவால் வீழ்ந்த தந்தையை மீட்க இறங்கி மற்றையோரும் இறந்தனர். எழுவர் இறந்தாலன்றிப் புதையல் வெளிப்படாது என்பதே தொடருக்குப் பெயர் தந்த சாபம். பூதங் காக்கும் புதையலுக்குப் பலி வேண்டும் என்று எமது கிராமங்களிற் கேட்ட கதைக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. ஒவ்வொரு வாரமும் அம்மரணங்களை முன்னுரையாக ஒலிக்கச் செய்வது ஒருவகைக் கூச்சமின்மை என்றே இக்கட்டுரையாளருக்குத் தோன்றுகின்றது.

குழி இயற்கையானது என்போரும் உளர். அப்பகுதியின் அடிநிலத்தில் சுண்ணக்கல்லும் கிப்சமும் உள்ளன. இவை நீரிற் கரைய, மேல்நிலம் உள்வாங்கும். 1949 இல் அதே விரிகுடாக் கரையிலே கிணறு வெட்டியோர், மரக்குற்றிகள் இடைக்கிடை கிடந்த இத்தகைய குழியொன்றைக் கண்டனர். அங்கு எவரும் புதையலைத் தேடவில்லை.

தொடரின் வாதமுறையே எமக்கு முக்கியமானது. அங்கே கூற்றுக்கள் குறைவு, வினாக்களே மிகுதி. ஆணியொன்று கிடைத்தால், 'இது தேவாலய வீரரின் மரக்கலத்துக்குரியதாக இருக்கலாமோ?' என்று பின்னணிக் குரல் வினவும். வினாவுக்கு எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் அதே வினா முன்னைய வாரத்தின் முடிபுபோல் நினைவூட்டப்படும். தீவின் கடலோரத்தில் தென்னந்தும்பு கிடைத்ததும் இவ்வாறே பெரும் மர்மமாக்கப்பட்டது. கப்பற் சரக்கு உருளாமலும் நனையாமலும் இருக்கத் தும்பு இட்டுப் பொதிசெய்தல் கடல்வாணிகத்தில் வழமை என்பதைத் தும்புக்கு அயலாரல்லாத எமக்கு விளக்க வேண்டியதில்லை.

தொடருக்குச் சார்பாகவும் ஒன்று கூறுதல் முறையாகும். அது தொல்லியலாளரையும் அழைத்தது. கடலோர மர அமைப்புக்களை மரவளையக் கணிப்புக்கு உட்படுத்தியது. கிடைத்த காலம் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. 1762 இலேயே தீவு நான்கு ஏக்கர் அளவான 32 காணித்துண்டுகளாக அளந்து பிரிக்கப்பட்டிருந்தது. ஆகவே அங்கு மரம் வெட்டித் துறை அமைத்தோர் குடியேறிய விவசாயிகளும் மீனவருமாக இருத்தல் கூடும். சான்று இவ்வழி காட்ட, குரலோ மீண்டும் கொள்ளையரிடமே செல்கின்றது.

இதனால் மறைக்கப்படுவோருள் சாமுவேல் போல் என்பவர் முதன்மையானவர். தென் கரோலினாவிலே அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர் அவர். அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது, கிளர்ச்சியாளரின் அடிமைகளுக்கு விடுதலை அளிப்பதாகப் பிரித்தானியர் அறிவித்தனர். அதனை நம்பி அவர் பக்கஞ் சேர்ந்து, போர் முடிந்தபின் நோவா ஸ்கோசியாவை அடைந்தோர் ஏறத்தாழ 3,000 பேர். போலும் அவ்வாறு வந்தவர். அவர்களுட் பலருக்கு வாக்களித்த நிலம் கிடைக்கவேயில்லை. கிடைத்தோர்க்கும் பெரும்பாலும் பாறை நிலமே வாய்த்தது. போல் ஓக் தீவிலே குடியேறிக் கோவா பயிரிட்டார். சிறிது சிறிதாகக் காணி சேர்த்தார். 1809 இல் நிலம் வேண்டி அரசுக்கு விண்ணப்பித்தார்.

இவரது செல்வம் எங்கிருந்து வந்தது, புதையலைக் கண்டெடுத்தவர் இவர்தாமோ என்று தொடர் வினவியது. அயலிலே நிலம் சேர்த்த வெள்ளையர் எவரைக் குறித்தும் இவ்வினா இத்துணை வலுவாக எழுந்ததாகத் தெரியவில்லை. அடிமையாயிருந்தவன் உழைத்து நிலவுடைமையாளனாதல் நம்புதற்கரியது. கொள்ளையர் பொன்னைக் கண்டெடுத்தல் நம்புதற்கெளியது என்பதே இவ்வினாவின் அடியிற் கிடக்கும் எண்ணம். விண்ணப்பங்களும் காணிப் பதிவுகளும் மரணசாதனமும் எமக்குக் கிடைத்துள்ளன. 1795 இன் குழிக்கு இவற்றுள் ஒன்றேனும் இல்லை.

போல் 1846 இல் இறந்தார். அப்போது தீவிலும் அயலிலுமாக அவருக்கிருந்த நிலம் ஏறத்தாழ 100 ஏக்கர். அதனை ஈட்டுதற்கு அவர் எடுத்துக்கொண்ட காலம் அரை நூற்றாண்டுக்கும் மேல்.