லயத்து நாய்

இலங்கையில் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட கதையை எல்லாரும் எழுதியாயிற்று. நாய்களை யார் எழுதினார்கள்? நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்க் கூட்டமே வளர்த்து, 1850களில் அதைப் புத்தகமாகவும் போட்டார். துரைமார் நாய்க்குப் பங்களா. மற்றதுகளுக்கு 1893இல் விசர்நாய்ச் சட்டம், 1901இல் நாய்ப் பதிவுச் சட்டம்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்கள் காம்பராவில் ஆறு பேர். "இதுல நாய் வேறயா?" என்று அப்பா கறுப்பனை விறகுக்கட்டையால் விரட்டுவார். அது விடிகாலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கும் மலைக்கும் அவர் பின்னாலேயே போகும். கொஞ்சநாளில் அவருடைய ரொட்டியில் பாதி அதற்குப் போனது. கேட்டால், "மிச்சம்" என்பார்; லயத்தில் ஏது மிச்சம்? நாய்பிடிகாரர் வந்த அன்று அதைக் கம்பளிக்குள் ஒளித்தவரும் அவர்தான்.

தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கைக்கு அரசு 2006இல்தான் வந்தது.