மணிமேகலையும் சூன்யவாதமும்

புதுக்கவிதையில் சூன்யம் என்ற சொல் அளவுக்கு மீறிப் புழங்கிவிட்டது. தனிமை, சலிப்பு, விரக்தி எல்லாவற்றுக்கும் அதுவே பெயர். (கிராமத்தில் அது வைக்கிற, எடுக்கிற சமாச்சாரம்.) கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டி நாகார்ஜுனர் பேசிய சூன்யதைக்கு இவற்றோடு சம்பந்தமில்லை. 'மூலமத்யமக காரிகை' 24ஆம் அத்தியாயத்தில் எதிராளி கேட்கிறான்: எல்லாம் சூன்யமென்றால் புத்தரின் நான்கு உண்மைகளும் போயிற்றே? சூன்யமாக இல்லாவிட்டால்தான் போகும் என்கிறார் நாகார்ஜுனர். தனக்கென்று மாறாத இயல்புடைய பொருள் தோன்றவும் முடியாது, அழியவும் முடியாது. பிறகு துக்கம் தீருவது எப்படி? சார்ந்து தோன்றுவதற்கே அவர் சூன்யம் என்று பெயரிடுகிறார்.

சார்ந்து தோன்றுதல் தமிழுக்கு வந்திருக்கிறது. மணிமேகலையின் 30ஆம் காதையில், காஞ்சியில், அறவண அடிகள் பன்னிரண்டு நிதானங்களைச் சொல்கிறார். அவித்யை அங்கே பேதைமை; ஸ்பர்சம் ஊறு; உபாதானம் பற்று. முந்தைய காதையில் வடமொழித் தர்க்கப் பரிபாஷை முள்ளாகக் குத்துகிறது. இங்கே தமிழ் தானாக யோசிக்கிறது.

ஆனால் சாத்தனார் சூன்யதை வரை போகவில்லை. பிரத்தியம், கருத்தளவு என்ற இரண்டே அளவைகள் என்று 29ஆம் காதை கூறுவது திங்நாகர் மரபு. 'விக்ரஹ வ்யாவர்த்தனீ'யில் நாகார்ஜுனர் அளவைகளையே கேள்விக்குள்ளாக்கினார். அளவையில் காலூன்றியவருக்கு அந்தப் பக்கம் வழியில்லை.

அனாத்மவாதம் மட்டும் மிஞ்சுகிறது. அதற்கும் கதைக்கும் சுமுகமில்லை. கதை முற்பிறவியை நம்பி நடக்கிறது. மணிபல்லவத்துப் பீடிகையின் முன் மணிமேகலை அறிகிறாள்: முன்பு அவள் இலக்குமி, உதயகுமரன் அவள் கணவன் இராகுலன். ஆன்மா இல்லையென்றால் யார் அந்த இலக்குமி? ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவதுபோல என்று 'மிலிந்த பஞ்ஹ'த்தில் நாகசேனர் பதில் சொல்லியிருக்கிறார். தொடர்ச்சி உண்டு, தொடர்பவன் இல்லை. தர்க்கத்துக்கு இது போதும். உதயகுமரன் வெட்டுண்டு கிடக்கையில் மணிமேகலைக்குப் போதவில்லை. அவள் கணவனுக்காக அழுகிறாள். உடலருகே போகாதே என்று கந்திற்பாவை தடுக்க வேண்டியிருக்கிறது.

அனாத்மவாதம் பரீட்சைக்கு வருவது அங்கேதான். அறவண அடிகளின் பாடம் பிறகு, வெகு தாமதமாக வருகிறது. 27, 29, 30ஆம் காதைகளைக் கவிதையல்ல என்று கழித்துவிடும் நம் விமர்சகர்கள், அவற்றை 21ஆம் காதையோடு சேர்த்துப் படித்ததாகத் தெரியவில்லை.