பருத்திக்கொட்டை சொன்ன சாட்சி

தூத்துக்குடி என்றவுடன் முத்தும் உப்புமே நினைவுக்கு வரும். முத்துக்குளிப்போ 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. மாணவ நண்பர்களே, நான் பேசப் புகுவது அத்துறைமுகத்தார் எவரும் பொருட்படுத்தாத ஒரு வித்தைப் பற்றி.

1876-இல் புகைவண்டி தூத்துக்குடியை எட்டியதும் கரிசல் நிலத்துப் பருத்தி அங்கே வந்து குவிந்தது. பஞ்சுச் சிப்பங்கள் தோணியேறி, தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களை அடைந்தன. கொட்டை மட்டும் ஊரிலேயே தங்கி மாட்டுத் தொழுவுக்குப் போயிற்று. என் இளமையில், ஆட்டுரலில் பருத்திக்கொட்டை அரைபடும் ஓசை கேட்டே கண் விழிப்பேன்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் ஆலிவ் எண்ணெயோடு பருத்திவிதை எண்ணெயைக் களவாகக் கலந்து விற்றனர். 1897-இல் ஹால்பென் என்னும் பிரெஞ்சு வேதியியலார் அதற்கு ஒரு சோதனை கண்டார். கந்தகம் கரைத்த கார்பன் டைசல்பைடும் அமைல் ஆல்கஹாலும் சேர்த்துக் கொதிக்கும் உப்புநீரில் வைத்தால், பருத்திவிதை எண்ணெய் செக்கச் சிவக்கும். இலவம் விதை எண்ணெயும் அவ்வாறே.

ஏன் சிவக்கிறது? விடைக்கு அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. ஸ்டெர்குலியா ஃபீட்டிடா என்றொரு மரம் நம் நாட்டிலும் உண்டு. பூவின் நாற்றத்தால் நம்மவர் அதற்கு இட்ட பெயரை இங்கே சொல்ல நாக் கூசுகிறது. அதன் விதை எண்ணெயிலுள்ள அமிலத்தின் அமைப்பை 1952-இல் நன் என்பவர் விளக்கினார். கொழுப்பு அமிலம் பெரும்பாலும் கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் நெடுஞ்சரம். இதிலோ சரத்தின் நடுவே மூன்று அணுக்கள் முக்கோண வளையமாக இறுகியுள்ளன. அவற்றுள் இரண்டை இரட்டைப் பிணைப்பு இணைக்கிறது. வளைத்த வில்லைப் போல அது எந்நேரமும் தெறிக்கக் காத்திருப்பது. அதன் நெருங்கிய உறவான மால்வாலிக் அமிலம் பருத்திக்கொட்டையில் சிறிதளவு உண்டு. அவ்வித்தைத் தின்ற கோழியின் முட்டையைச் சேமித்து வைத்தால், மஞ்சட்கருவின் இரும்பு கசிந்து வெண்கரு இளஞ்சிவப்பாகும்.

மாட்டின் செய்தி இதனினும் நுட்பமானது. பருத்திக்கொட்டை தின்ற பசுவின் நெய்யும் ஹால்பென் சோதனையில் சிவப்புக் காட்டக்கூடும். ஒரு துளியும் கலவாத குடியானவனைக் கலப்படக்காரன் என்று அச்சோதனை காட்டிக்கொடுத்துவிடும்! அந்நெய்யின் பிற இயல்புகளும் மாறுவதால், இந்தியக் கலப்படத் தடுப்பு விதிகள் பருத்தி வட்டார நெய்க்குத் தனி அளவுகள் வகுத்திருந்தன.

எண்ணெயைக் கடுஞ்சூட்டில் காய்ச்சினாலோ, ஹைட்ரஜன் ஏற்றினாலோ அம்முக்கோணம் சிதையும். பின்னர் அது சிவப்பதில்லை. ஆகவே பக்குவப்படுத்திய எண்ணெயைக் கலந்தவன் தப்பினான். கொட்டை அரைத்து ஊட்டியவன் அகப்பட்டான்.