வாங்கின் விலை

தொழிலாளியின் காலத்தை மணிக்கணக்கில் வாங்கிய முதலாளித்துவம், இன்று மனிதனின் ஓய்வையும் நிமிடக்கணக்கில் அளக்கின்றது. 2011ஆம் ஆண்டில் இவான் மித்தின் என்பார் மொஸ்கோவிலே ‘சிபெர்பிளாட்’ என்ற கோப்பிச்சாலையைத் திறந்தார். கடிகாரத்தின் முகம் என்பது அப்பெயரின் பொருள். அங்கே பானத்துக்கு விலையில்லை. தங்கியிருக்கும் நேரத்துக்கே கட்டணம். 2014இல் இலண்டனிலே திறந்த அதன் கிளை நிமிடத்துக்கு மூன்று பென்ஸ் அறவிட்டது.

இதனை முற்றிலும் புதுமை என வியப்பதற்கில்லை. கோப்பிக்கடை என்றுமே கோப்பியை மட்டும் விற்றதில்லை. அமரும் இடத்தையும் பேசும் வாய்ப்பையும் சேர்த்தே விற்றது. 1652இல் பஸ்குவா றோசே இலண்டனில் முதற் கோப்பிக்கடையை நிறுவினார். பின்னர் பெருகிய கடைகளில் ஒரு பென்னி கொடுத்தவன் செய்தித்தாள் படித்தான், அரசியலை விவாதித்தான். ‘பென்னிப் பல்கலைக்கழகம்’ என்ற பெயரும் அவற்றுக்கு வாய்த்தது. அந்தப் பேச்சுக்கு அஞ்சிய இரண்டாம் சாள்ஸ் மன்னன் 1675 டிசெம்பரில் அவற்றை மூடுமாறு ஆணையிட்டான். எழுந்த எதிர்ப்பைக் கண்டு, சில நாட்களிலேயே ஆணையை மீளப்பெற்றான்.

இந்தியாவிலோ இவ்வாங்கைக் காத்தவர்கள் பரிமாறிய ஊழியர்களே. கோப்பிச் சபை தன் கடைகளை மூடி அவர்களை வேலைநீக்கியபோது, ஏ. கே. கோபாலனின் வழிகாட்டலில் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். 1957இல் பெங்களூரிலும் டில்லியிலும், 1958இல் திருச்சூரிலும் அவை தோன்றின. மலிவான ஒரு கோப்பையுடன் மாணவரும் எழுத்தாளரும் நெடுநேரம் இருந்து பேச அக்கடைகள் இடந்தந்தன.

நம் நாட்டின் கதை இதனினும் கசப்பானது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே, ஒடுக்கப்பட்ட சாதியினர் கையிற் காசிருந்தும் வாங்கில் அமர முடியவில்லை. வெளியே நின்று போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் பெற்றனர். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. எனினும், சட்டம் தானாகக் கடைக்குள் நுழையவில்லை. 1966 ஒக்டோபர் 21 எழுச்சியும், அதன்பின் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் நடத்திய தேநீர்க்கடைப் பிரவேசங்களுமே பல கதவுகளைத் திறந்தன. அப்போராட்டத்தில் உயிரிழந்தோரும் உளர்.

கடிகாரம் சாதி கேட்பதில்லை என்பது உண்மையே. ஆனால், படுவான்கரை வயலில் நாட்கூலிக்கு அரிவி வெட்டுபவனின் நிமிடமும் நகரத்துச் செல்வனின் நிமிடமும் ஒரே விலை பெறுவதில்லை. ஓய்வுக்கு நிமிடவிலை குறித்தால், உழைப்பாளியே முதலில் எழுந்து செல்ல நேரும். ஊர்தோறும் உள்ள வாசிகசாலையின் வாங்கு விலையின்றிக் கிடப்பதன் அருமை இதனாற் புலனாகும். அதனைப் பேணுதலும், அதில் எவரும் அமரலாம் என்பதை உறுதிசெய்தலும் நம் கடமையாகும்.